58 வயதுக்குப் பத்து நிமிட அலங்காரம்: எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

இழுப்பறைக்காரி

போன மாதம் அலுவலக அடையாள அட்டைக்குப் புதிதாகப் படம் எடுத்தார்கள். கையில் வாங்கிப் பார்த்ததும் பக்கென்று இருந்தது. கன்னத்தில் போட்ட பவுடரெல்லாம் வாயோரக் கோடுகளுக்குள் போய்ப் படிந்திருந்தது. தலைமுடி கரிக்கட்டை மாதிரி ஒரே கறுப்பு, வகிட்டில் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளை. கண் மை ஒரு பக்கம் கீழே இறங்கி, அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவள் மாதிரி இருந்தேன்.

அன்று ராத்திரி இழுப்பறையை உருவித் தரையில் கொட்டி எண்ணினேன். 43 பொருள்கள். உதட்டுச்சாயம் மட்டும் ஒன்பது, அதில் ஆறு ஏறக்குறைய ஒரே சிவப்பு. பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. தினமும் கை போவது என்று பார்த்தால் நாலோ ஐந்தோதான்.

39 வயதிலிருந்து தலைக்குச் சாயம் பூசுகிறேன், 19 வருடம் ஆகிறது. கடைசி மூன்று தடவையும் மறுநாள் தலை அரித்தது, காதுக்குப் பின்னால் தடித்தது. இந்தத் தடவை கண் இமை இரண்டும் வீங்கிவிட்டன. இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத அதே சாயம்தான்.

இது போதாதென்று, மூக்குக்கண்ணாடி போட்டால் மை தீட்ட முடியவில்லை, கழற்றினால் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எடை கூடவில்லை, ஆனாலும் பழைய சட்டை ஒன்றுகூடத் தோளில் ஒழுங்காக நிற்பதில்லை, பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது.

காலையில் எனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். இளமையாகத் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்காமல் இருந்தால் போதும். முடிந்தவரை இயற்கையாக, குறைவான பொருள்களோடு. இதே கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

வெள்ளிக்கம்பி

எனக்கு 67. உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்தச் சாயத்தை இன்றைக்கே நிறுத்து. இமை வீங்குவது சும்மா வருகிற அரிப்பு இல்லை, ஒவ்வாமை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி என்ற பாராஃபெனிலின்டையமின் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் உடம்பு அதை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். அப்படி ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாக வரலாம். "அமோனியா இல்லாதது" என்று எழுதியிருந்தால் பிபிடி இல்லை என்று பொருளில்லை. "கறுப்பு மருதாணி" என்று விற்பதிலும் பல சமயம் அதையே கலந்திருப்பார்கள். மருதாணி இலை தனியாகக் கறுப்பு தராது, செம்பழுப்புதான் தரும். தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு. அதுவரை வேறு எந்தச் சாயத்தையும் சோதித்துப் பார்க்காதே.

நரையை வளரவிடுவது ஒரு பொறுமைச் சோதனை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், மிஞ்சிப்போனால் ஒன்றேகால். எனக்குத் தோளுக்குக் கீழே இருந்தது, அப்படியே விட்டிருந்தால் இரண்டரை வருடம் இரட்டை நிறத்தோடு அலைந்திருப்பேன். நான்காவது மாதம் தோள் வரைக்கும் வெட்டினேன், ஏழாவது மாதம் தாடை வரைக்கும். பதினான்காவது மாதம் சாயத்தின் கடைசி நுனி தரையில் விழுந்தது. நடுவில் மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரைதான் நரகம். அந்தச் சமயத்தில் வகிட்டை நேராக எடுக்காதே, கோணல்மாணலாக எடு, கோடு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு கருத்து சொல்வார்கள். நாலு மாதத்தில் அவர்களுக்கே அலுத்துவிடும்.

வயதாக ஆகத் தலையில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, அதனால்தான் நரைமுடி கம்பி மாதிரி விறைத்து நிற்பதாகத் தோன்றுகிறது. தினமும் ஷாம்பு வேண்டாம். கண்டிஷனரை மயிர்க்காலில் பூசாமல் நுனியில் மட்டும் பூசு. வெயிலும் தண்ணீரிலுள்ள உலோகங்களும் வெள்ளைமுடியை மஞ்சளாக்கும். அதற்கு ஊதா ஷாம்பு இருக்கிறது, மஞ்சளுக்கு எதிர்நிறம் என்பதால் அந்த மஞ்சள் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒருநாள் அதைத் தேய்த்துவிட்டு, தொலைபேசி அடித்ததென்று போய்ப் பேச உட்கார்ந்துவிட்டேன். கத்தரிப்பூ நிறத் தலையோடு ஒரு வாரம் வெளியே போனேன். நாலுபேர் அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னார்கள், கேட்கவா வேண்டும்.

முகத்துக்கு நான் வைத்திருப்பது மூன்றே மூன்று. ராத்திரி கழுவுவதற்கு ஒரு மென்மையான கிளென்சர். சோப்பு வேண்டாம், அதன் பிஹெச் (அமில-கார அளவு) 9, 10 என்று நிற்கும், தோல் மேற்பரப்போ 5 பக்கம், லேசான அமிலம். இந்த வயதில் தோல் அதிகம் எண்ணெய் விடுவதில்லை, இருக்கிற கொஞ்சத்தையும் சோப்பு சுரண்டிவிடும். காலையில் வெறும் தண்ணீர். இரண்டாவது ஈரப்பதக் கிரீம், கிளிசரினோ செராமைடோ (தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு) உள்ளதாக, வாசனை இல்லாததாக. முகத்தைத் துடைத்துக் காயவைத்துவிட்டுப் பூசாதே, ஒற்றி எடுத்த ஈரத்தோடு பூசு. அப்போதுதான் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். மீதியைக் கழுத்துக்கும் புறங்கைக்கும் தேய்த்துவிடு. எல்லாரும் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள், வயதைச் சொல்வது கழுத்தும் கையும்தான்.

மூன்றாவது சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) 30 போதும். சரியான அளவு பூசினால் 30 ஏறக்குறைய 97 சதவீதம் யூவிபி கதிரை (தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்) தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அலைய வேண்டாம். ஆனால் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழு, அதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். கருந்தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் நிறம் கலந்ததாக வாங்கு, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் ஓரளவு தடுப்பதால் கரும்படைக்கும் நல்லது.

வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், எனக்கெதற்கு என்று நானும் சொன்னவள்தான். 22 வருடம் அலுவலகத்தில் ஜன்னலுக்கு இடப்பக்கம் காட்டி உட்கார்ந்தேன். இன்று என் இடக்கன்னத்தில் 11 புள்ளி, வலக்கன்னத்தில் நாலு, கண்ணாடிமுன் நின்று எண்ணியிருக்கிறேன். யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 69 வயது முகத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் தோல் தடித்து மடிப்புமடிப்பாகத் தொங்கியது, மறுபக்கம் சாதாரணம். அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் என் மேஜையைத் திருப்பிப்போடச் சொன்னேன்.

ஒற்றைச்சீப்பு

பெண்கள் பேசுகிற இடத்தில் ஓர் ஆண் மூக்கை நுழைக்கிறேன், 61 வயது. மூக்குக்கண்ணாடி விஷயம் மட்டும்.

நம் வயதில் முகத்திலேயே அழுத்தமான கோடு கண்ணாடிச் சட்டம்தான். படிக்க மட்டும் என்று ஏதோ ஒன்றை வாங்கி மூக்கு நுனியில் தொங்கவிட்டிருந்தேன், எதிரே இருப்பவரை எப்போதும் சந்தேகப்படுகிறவன் மாதிரி இருக்கும். சட்டத்தின் மேல்கோடு புருவத்தை ஒட்டிப் போக வேண்டும், மூக்கில் சறுக்கக் கூடாது. கடைக்காரர் இந்த இரண்டையும் பார்த்துத் தந்த பிறகு முகச்சவரம்கூடத் தேவையில்லாத மாதிரி ஆகிவிட்டது. (தேவைதான். மனைவி சொல்கிறாள்.)

மை தீட்ட, ஒற்றை வில்லையை மட்டும் மேலும் கீழும் மடக்குகிற மாதிரி அலங்காரக் கண்ணாடி தனியாகவே விற்கிறது. ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு மறு கண்ணுக்குத் தீட்டலாம். உருப்பெருக்கும் முகக்கண்ணாடி என்றால் ஐந்து மடங்குக்கு மேல் வேண்டாம் அம்மா. பத்து மடங்கில் என் மூக்கைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திரைக்குப்பின்னால்

வெள்ளிக்கம்பி அக்கா தோலைச் சொல்லிவிட்டார்கள். நான் நாடகக் குழுவில் பல வருடம் ஒப்பனை போட்டவள், நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

"உடம்பு சரியில்லையா" என்று கேட்கிறார்கள் இல்லையா, அதற்குக் காரணம் பெரும்பாலும் சுருக்கம் இல்லை. வயதாக ஆகப் புருவம் வெளுக்கிறது, இமைமயிர் குறைகிறது, உதட்டின் சிவப்பு மங்குகிறது, உதட்டோரக் கோடு கரைகிறது. கண், புருவம், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இருந்த நிற வேறுபாடு குறைந்துவிடுகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில் இதை அளந்தே காட்டினார்கள். அந்த வேறுபாட்டைக் கூட்டிய முகத்தை மற்றவர்கள் இளையதாக மதிப்பிட்டார்கள். மேடையில் இதைத்தான் நாங்கள் காலங்காலமாகச் செய்துகொண்டிருந்தோம், காரணம்தான் தெரியாது. நாம் வீட்டில் செய்வதோ நேர்மாறு. முகம் முழுக்க ஒரே நிறத்தைப் பூசி மிச்சமிருக்கிற வேறுபாட்டையும் அழித்துவிட்டு, அதன்மேல் பவுடரைக் கொட்டுகிறோம்.

எனவே பவுடரையும் முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷனையும் தூக்கிவிடுங்கள். பவுடர் வறண்ட தோலில் நிற்க இடமில்லாமல் பள்ளத்தைத் தேடிப் போகும், உங்கள் படத்தில் நடந்தது அதுதான். மறைக்கத்தான் வேண்டும் என்றால் மூக்கோரச் சிவப்பிலும் கண்ணடிக் கருமையிலும் மட்டும் விரலால் ஒற்றுங்கள்.

புருவத்துக்குத்தான் உங்கள் பத்து நிமிடத்தில் நாலு நிமிடம். பென்சில் கறுப்பாக இருக்கக் கூடாது. நரைக்கப்போகிற தலைக்குச் சாம்பல் கலந்த பழுப்பு. ஒரே கோடாக இழுக்காதீர்கள், மயிர் முளைக்கிற திசையில் சின்னச் சின்னக் கீற்றாகப் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சீவிவிடுங்கள். புருவத்தின் வால் கண்ணோரத்துக்குக் கீழே இறங்கினால் முகமே சோர்ந்துவிடும், கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள். மையைக் கீழிமையில் விட்டுவிடுங்கள், அங்கேதான் அது வழியும். மேலிமையின் மயிரடியில் மட்டும் பென்சிலை அழுத்திப் புள்ளிபுள்ளியாக வைத்தால் போதும். கோடு கோணலானாலும் தெரியாது. உதட்டுக்குப் பளபளப்பில்லாத உலர்ந்த வகை வேண்டாம், தைலம் மாதிரி வழவழப்பாக உள்ளது. உங்கள் ஈறின் நிறத்துக்குப் பக்கமாக எடுங்கள், தப்பாகவே போகாது. அதே உதட்டுச்சாயத்தை ஒரு பொட்டு விரலில் எடுத்துக் கன்னத்தில் தட்டினால் தனியாக ரூஜ் வேண்டாம்.

ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டி நின்று செய்யுங்கள். குளியலறை விளக்கு மேலிருந்து அடிக்கும், இல்லாத குழியெல்லாம் தெரியும், கை தானாக அதிகம் பூசிவிடும்.

பச்சிலைப்பிரியை

இயற்கை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், எல்லாரும் கிரீம், பென்சில் என்றே எழுதுகிறார்களே! எலுமிச்சைச் சாறு பூசுங்கள், கரும்புள்ளி போகும். லாவெண்டர் எண்ணெய் இரண்டு சொட்டு, தூங்குமுன். இரசாயனம் ஒன்றும் வேண்டாம்.

மருந்தாளுநர்_ஓய்வு

பச்சிலைப்பிரியை, உங்கள் மனசு நல்ல மனசு, ஆனால் எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரியே கொப்புளம் வரும், அது ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். புள்ளியைப் போக்கப் போய்ப் புது வடு வாங்கின கதையாகிவிடும். லாவெண்டர் எண்ணெயிலுள்ள லினலூல் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை தரக்கூடிய பொருளாக மாறும். ஏற்கெனவே இமை வீங்கினவருக்கு வாசனை எண்ணெய் எதுவும் நல்லதில்லை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே தோலுக்கு இதமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இயற்கையாகத் தெரிவது ஒன்று, இயற்கைப் பொருளைப் பூசுவது வேறொன்று. கேட்டவர் முதலாவதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

இழுப்பறைக்காரி, மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலிலுள்ள கொலாஜனில் (தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதம்) ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒரே வருடத்தில் முகம் மாறிவிட்டது என்று பலர் சொல்வது மனப்பிரமை இல்லை. மேலே சொன்ன மூன்றுக்கு அப்புறம் நான்காவதாக ஒன்று சேர்க்க ஆசையிருந்தால் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), அதுவும் இமை முழுசாக ஆறிய பிறகு. ராத்திரியில் மட்டும், முகம் முழுவதுக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டு மூன்று வாரம் உரியும், சிவக்கும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஈரப்பதக் கிரீமைப் பூசிவிட்டு அதன்மேல் பூசலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக் கூடாது. ஆசையில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 900 பேருக்கு மேல் சேர்த்து நாலரை வருடம் நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. தினமும் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது.

ஒப்பனையால் மூடக் கூடாதவை சில உண்டு. மச்சம் ஒன்று இரு பாதியும் ஒத்துப்போகாமல், ஓரம் சிதைந்து, பல நிறமாகி, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து, அல்லது எப்படியோ மாறிக்கொண்டே இருந்தால் காட்டிவிடுங்கள். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தால், தலைமுடி கொத்தாக வந்தால், பென்சில் எடுப்பதற்கு முன்னால் தைராய்டும் இரும்புச்சத்தும் பார்த்துவிடுங்கள். என்னிடம் முடிவளர்ச்சி மாத்திரை கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

கத்தரியும்நூலும்

சட்டையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, என் முறை. 30 வருடமாகத் தைக்கிறேன்.

எடை கூடாமலே அளவு மாறும். மேல்முதுகு லேசாக வளையும், தோள் முன்னால் வரும், மார்பு இறங்கும், இடுப்பு தடிக்கும். முதுகு வளைந்தால் அங்கே துணி அதிகம் கேட்கும். அது கிடைக்காததால்தான் சட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது, கழுத்துப்பட்டி பின்னால் வழுக்கிப் போகிறது, முன்னால் தொண்டையடியில் துணி பொம்முகிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கினால் எல்லா இடமும் தொளதொளவென்று ஆகுமே தவிர இது சரியாகாது. தைக்கிறவரிடம் "தோள் தையலை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள், முதுகு நீளத்தைக் கூட்டுங்கள், மார்புப் பிடிப்பைக் கீழே இறக்குங்கள்" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உள்ளாடையைப் புதிதாக அளந்து வாங்கிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். பத்து வருடத்துக்கு முன் அளந்ததையே போட்டுக்கொண்டு வந்து, நான் தைத்தது சரியில்லை என்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு.

தோள் சரியாக உட்கார்ந்தால் மிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. திடீரென்று உடம்பு கொதிக்கிற வயது என்பதால் கனமான ஒன்றைவிடப் பருத்தியிலோ லினனிலோ மெல்லிசாக இரண்டு, மேலே உள்ளதைச் சட்டென்று கழற்றலாம். நரை வந்த பிறகு, பழைய மங்கல் பழுப்பெல்லாம் முகத்தைச் சாம்பலாக்கும். எது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன், துணியைத் தாடைக்கடியில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அதுவே சொல்லும்.

காதணியையும் லேசாக்குங்கள். 1995இல் ஒரு மருத்துவர் 206 பேரின் காதை அளந்து பார்த்தார், வருடத்துக்கு 0.22 மில்லிமீட்டர் என்ற கணக்கில் காது நீள்கிறதாம். அதில் கனத்தைத் தொங்கவிட்டால் துளை நீண்டு கிழியக்கூடும்.

இழுப்பறைக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

தோல் மருத்துவர் முதுகில் ஒவ்வாமைச் சோதனைப் பட்டைகளை ஒட்டிப் பார்த்தார், பிபிடியேதான். சாயம் போயிற்று. வகிட்டில் இப்போது இரண்டு விரல் அகலம், கோணல் வகிடு உண்மையாகவே உதவுகிறது அக்கா. வெட்ட இன்னும் மனசு வரவில்லை, நாலாவது மாதம் வரட்டும்.

இழுப்பறையில் எட்டுப் பொருள்கள் இருக்கின்றன. ஆறு சிவப்பில் ஒன்றை வைத்துக்கொண்டேன், கண்ணை மூடித்தான் எடுத்தேன், ஒன்றும் வித்தியாசமில்லை. முதல் நாள் புருவத்துக்கு வீட்டிலிருந்த கறுப்புப் பென்சிலையே போட்டுவிட்டு அலுவலகம் போய், மதியம் வரை ஏன் எல்லாரும் நான் சொல்வதற்கெல்லாம் உடனே சரி என்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோபக்காரி மாதிரி இருந்திருக்கிறேன். பழுப்பு வாங்கிய பிறகு பக்கத்து மேஜைக்காரி "கண்ணாடி மாற்றினீர்களா?" என்று கேட்டாள். கண்ணாடி அதேதான்.

நீலச் சட்டை ஒன்றைத் தோள் தள்ளித் தைக்கக் கொடுத்து வாங்கினேன். பின்பக்கம் தூக்கவில்லை. மற்ற ஐந்தையும் கொடுக்கப் போகிறேன்.

ஒன்றே ஒன்று, வெள்ளிக்கம்பி அக்கா. ஊதா ஷாம்பு வாங்கிவிட்டேன். எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

வெள்ளிக்கம்பி

முதல் தடவை இரண்டு நிமிடம். யார் கூப்பிட்டாலும் தொலைபேசியை எடுக்காதே.